சுப்பு ஆறுமுகம் பாடியது கொடை வில்லின் தொடர்ச்சியா, வேறொரு கலையா?

அம்பை ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்து வருகிறேன். ஆண்டு மலருக்காக நம் சீமைக் கலைஞர் ஒருவரைப் பற்றி விரிவான கட்டுரை எழுதும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. நான் வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். 1928இல் திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர், 2022 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் காலமானவர் என்ற செய்திகளைத் திரட்டுவதில் எனக்குத் தொல்லை இருக்கவில்லை. தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது.

எழுதிய வரைக்கும் வீட்டில் படித்துக் காட்டினேன். என் மாமியார் வீரவநல்லூர்ப் பக்கம் பிறந்தவர். குலதெய்வக் கோயில் திருவிழாவான கொடையில் ஆண்டுதோறும் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எல்லாஞ் சரிதான் தாயி, சாமி எறங்காத பாட்ட வில்லுன்னு எப்படி எழுதுவ?” என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை, சென்னை மேடையிலும் வானொலியிலும் ஒலித்தது வில்லை முன்னால் வைத்துக்கொண்டு செய்த கதாகாலட்சேபம், அவ்வளவுதான். சுப்பு ஆறுமுகம் அவர்களின் பேச்சும் நகைச்சுவையும் அவருக்கு மிகவும் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனவே இங்குள்ள பெரியவர்களிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன். அவருடைய இசையின் வேர் நம் ஊர்க் கொடை வில்லில் இருக்கிறது என்று எழுதினால் அது எந்த அளவுக்கு உண்மை, எங்கே மிகை? இரண்டாவதாக, அவர் தாமே கதை எழுதி, தாமே பாட்டுக் கட்டி, தாமே பாடியவர். பாடுகிறவரே எழுதும் இந்த வழக்கம் கொடை வில்லில் முன்பே இருந்ததா, அல்லது அவர் காலத்து மேடை கொண்டுவந்ததா? மாணவர்கள் படிக்கப்போகும் கட்டுரை என்பதால், விழா மேடைப் புகழ்ச்சியாக அல்லாமல் செய்தியாக எழுத நினைக்கிறேன். “அழிந்துகொண்டிருந்த கலைக்கு உயிர் கொடுத்தவர்” என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தத் தொடரை நானும் எடுத்தாளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

குடக்காரர் மகன் எழுதுகிறார்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் மாமியாரின் கேள்வியை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். என் தகப்பனார் நாங்குநேரி, களக்காடு வட்டாரக் கொடைகளில் குடம் அடித்தவர். சிறு வயதில் அவருக்குப் பின்னால் தாளத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே குடத்துக்குப் பக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சென்னை மேடையைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

கொடையில் வில்லுக்காரர் உட்காரும் இடம் தெய்வத்தின் பீடத்துக்கு எதிரே இருக்கும். ஊரார் அங்கங்கே அமர்ந்து கேட்பார்கள், பிள்ளைகள் தூங்கிப்போவார்கள், நடுவில் எழுந்து கடைத்தெருவுக்குப் போய் வருவார்கள். அதனால் பாட்டு நின்றுவிடாது, ஏனென்றால் முதன்மையாகக் கேட்க வேண்டியவர் பீடத்தில் இருக்கிறார். பனை வயிரத்தில் செய்து தோல் நாணால் இழுத்துக் கட்டிய வில், ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு இரு மடங்கு இருக்கும். அதன் தண்டு நெடுக மணிகள் தொங்கும். வில்லைக் குடத்தின்மேல் கிடத்தி அசையாமல் கட்டிவிட்டு, முன்னால் பாடுகிறவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிக்கும்போது மணிகள் அத்தனையும் ஒருசேரக் குலுங்கும். குடக்காரர் ஒரு கையில் உள்ள பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அறைவார். உள்ளே அடைபட்ட காற்று ‘கும்’ என்று வெளியே வரும். மறு கையில் ஒரு நாணயத்தை வைத்துக் குடத்தின் வயிற்றில் தட்டுவார். அது கணீரென்று கேட்கும். என் தகப்பனார் இதற்கென்றே ஒரு பழைய செம்புக் காசை வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருப்பார், அதை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில்தான் உடுக்கையும் தாளமும் கட்டையும் தம் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

இனி, கதை நடக்கும் முறை. காப்புப் பாடி, இன்ன கதையைப் பாடப்போகிறோம் என்று வருபொருள் உரைத்து, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிவிட்டுக் கதைக்குள் நுழைவார்கள். கடைசியில் வாழி பாடி முடிப்பார்கள். இந்த ஒழுங்கு மேடை வில்லிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், கொடையில் கதையின் வேகத்தை முடிவு செய்கிறவர் பாட்டுக்காரர் அல்லர். பூசையின் நேரம்தான் முடிவு செய்கிறது. குடியழைப்பு முதல் நாள் இரவு, மறுநாள் உச்சிக்கொடை, அதன்பின் சாமக்கொடை என்று பூசைகள் வரிசையாக வரும். கதையில் தெய்வம் வெட்டுண்டு விழும் கட்டமும் பீடத்துக்கு முன்னால் படைப்பு வைக்கும் நேரமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அப்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். படைப்புச் சோறு வெந்து இறங்கத் தாமதமானால், முன்னால் பாடும் குழுத் தலைவரான அண்ணாவி ஒரு நாட்டு வளத்தையோ ஒரு கல்யாணச் சடங்கையோ நீட்டிப் பாடிக்கொண்டிருப்பார். எல்லாம் முன்னதாகவே ஆயத்தமாகிவிட்டால், நான்கு பாட்டைத் தாண்டிக் குதித்துச் சண்டைக்குப் போய்விடுவார். குடக்காரர் இதைக் கண் ஜாடையிலேயே தெரிந்துகொண்டு நடையை மாற்ற வேண்டும்.

தாங்கள் இருக்கும் அம்பைப் பக்கத்துக்கே உரிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயில் வளாகத்தில், அடியவர்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் தோல் செருப்புகளைப் பட்டவராயனாக நின்று ஏற்றுக்கொள்ளும் முத்துப்பட்டன், அந்தணர் குலத்தில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் பெண்கள் இருவரை மணந்து, மாமனார் வீட்டுத் தோல் தொழிலையே தன் தொழிலாக ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். அவன் சாவைப் பாடும்போது பாட்டுக்காரரின் குரல் மாறும், குடம் இறுகும், எதிரே நிற்கும் கோமரத்தாடியின் உடம்பு நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் “பாட்டு எப்படி இருந்தது?” என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

சுப்பு ஆறுமுகம் அவர்களின் நிகழ்ச்சியில் வில், குடம், வீசுகோல், உடுக்கை, ‘தந்தனத்தோம்’ என்று எடுக்கும் தொடக்கம், பின்பாட்டுக்காரர்களின் ‘ஆமாம்’ ஆகிய அனைத்தும் உண்டு. எதிரே பீடம் மட்டும் இல்லை. பீடம் இல்லாததால் கதையை ஒன்றரை மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் அவர் நினைத்த இடத்தில் நிறுத்த முடிந்தது, நடுவே நின்று சிரிக்க வைக்க முடிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கள் மாமியார் எதைத் தேடுகிறார் என்பது எனக்கு விளங்குகிறது.

பாளை நூலகர் (ஓய்வு) எழுதுகிறார்:

குடக்காரர் மகன் கொடையின் பக்கத்தை மிக நன்றாக எழுதிவிட்டார். என் வேலை பாதியாகக் குறைந்தது. நான் ஆசிரியை அவர்களின் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கொடை வில்லில் பாடுகிறவர் பெரும்பாலும் எழுதுகிறவர் அல்லர். கதைகள் ஏட்டுச் சுவடிகளாகவும், பிற்காலத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதிய படிகளாகவும் அண்ணாவிகளின் வீடுகளில் இருந்தன; ஆசானிடமிருந்து மாணவருக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் கைமாறின. சில ஏடுகளில் பாடியவர் பெயர் இருக்கும், பலவற்றில் இராது. பாட்டுக்காரர் அந்த மூலத்தை இடத்துக்கும் நேரத்துக்கும் தக்கபடி விரிப்பார், சுருக்குவார், வசனத்தை அங்கேயே புதிதாகக் கட்டுவார். ஆனால் கதையைத் தம் விருப்பத்துக்கு மாற்ற மாட்டார், மாற்றினால் ஊர் விடாது, சாமியும் விடாது என்று நம்புவார். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது கையாண்ட மூலங்கள் இத்தகையவை. பின்னாளில் இங்கு வந்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், குடக்காரர் மகன் சொன்ன அந்தச் சாவுக் கட்டத்தைத்தான் நிகழ்ச்சியின் மையமாகக் கண்டார். தெய்வப் பிறவிகளின் கதை, மனிதராகப் பிறந்து கொலையுண்டு தெய்வமானவர்களின் கதை என்று கொடைக் கதைகள் இரண்டு வகையாக நிற்கின்றன. நம் ஊர்களில் மக்களின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது வகையே என்பது என் எண்ணம்.

சுப்பு ஆறுமுகம் இங்கேதான் வேறுபடுகிறார். அவர் முதலில் கவிஞர். இளம் வயதிலேயே பாட்டெழுதத் தொடங்கியவர். அந்த எழுத்துத் திறமைதான் கலைவாணரின் கண்ணில் பட்டது. 1947இல் சிறையிலிருந்து விடுதலையாகி மீண்டும் மேடைக்கும் திரைக்கும் வந்திருந்த என்.எஸ். கிருஷ்ணன், 1940களின் கடைசியில் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். கலைவாணருக்கும் வில்லு புதியதன்று, நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் அவர். ஆகவே வில்லுப்பாட்டு எது என்பதை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாத இருவர், வில்லை நேரில் பார்த்தறியாத ஒரு நகரத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொடையின் கூட்டத்துக்கு முத்துப்பட்டனும் சுடலைமாடனும் யாரென்று தெரியும். சென்னையின் கூட்டத்துக்குத் தெரியாது. அங்கே பாடுவதற்குக் கேட்பவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு கதை வேண்டும், அதைப் புதிதாக எழுதவும் வேண்டும்.

அப்படி அமைந்ததுதான் காந்தியடிகளின் கதை. கல்கியின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தேசிய உணர்ச்சியால் நேர்ந்த தேர்வு என்று தோன்றும், அதுவும் உண்மைதான். ஆனால் கொடை வில்லைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தக் கதையை எப்படிக் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தவறேதும் செய்யாத ஒரு மனிதர், தம் மக்களுக்காகப் பாடுபட்டவர், 1948 சனவரி 30 அன்று தம்மவர் ஒருவராலேயே கொல்லப்படுகிறார். இறந்தபின் நாடே அவரை வணங்குகிறது. நம் ஊர் வில்லு காலங்காலமாகப் பாடிவந்த கதையின் அமைப்பு இதுதான் அல்லவா? பீடம் இல்லாத மேடையில் பீடத்துக்குரிய கதையை வைத்தார் என்றே நான் சொல்வேன். தங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் அம்மா. ஏற்றுக்கொள்வார் என்று உறுதி கூற மாட்டேன்.

அவருடைய பின்னாள் வாழ்க்கையை விரிவாக எழுத வேண்டிய தேவையில்லை. செய்திகள் தங்களிடமே உள்ளன. திரைப்படங்களில் கலைவாணருக்கும், பின்னர் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகளை எழுதினார். 1957இல் கலைவாணர் மறைந்தபின் தம் குழுவை நடத்தினார். இராமாயணம், மகாபாரதம் ஆகியவற்றை வில்லிசையாக்கினார். வானொலி, தொலைக்காட்சி, கோயில் விழா, அரசு விழா என்று எங்கும் பாடினார். கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி விருது, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. மகள் பாரதி திருமகன் அவருடைய வழியில் பாடி வருகிறார். இவற்றுள் நகைச்சுவை எழுத்தை மட்டும் தனியே கவனிக்கச் சொல்வேன். கொடையில் ‘ஆமாம்’ போடுகிறவர் கதையை ஒப்புக்கொள்கிறவர். இடையிடையே ஓர் ஐயத்தையும் கேட்பார். சுப்பு ஆறுமுகத்தின் குழுவில் அந்த ஐயம் கேட்கும் பங்கு பெரிதாக வளர்ந்தது. அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் பாமரனைப்போல ஒன்று கேட்பார், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அன்றைய விலைவாசிக்கோ வீட்டுச் சண்டைக்கோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தாளம் விழும் இடத்தில் சரியாகக் கதைக்குத் திரும்புவார். திரைக்கு வசனம் எழுதிய கை அதில் தெரியும். ஆர்மோனியமும் தபேலாவும் மேடை வில்லில் சேர்ந்ததற்கும் இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே சுருதி விடாமல் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டுமே.

இன்னொன்றும் உண்டு. மக்களின் பாட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டு எழுத்தறிந்த புலவர் ஒருவர் புதிதாகப் பாடுவது நம் சீமையில் அவரோடு தொடங்கியதும் அன்று. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, இளம் வயதிலேயே 1891இல் மறைந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடினார். காவடி தூக்கி நடப்பவர்களின் கால் நடைக்கு ஏற்ற மெட்டு அது. இன்று கருநாடக இசைக் கச்சேரியின் துக்கடாப் பகுதியிலும் கேட்கிறோம். எட்டயபுரத்துப் பாரதி நொண்டிச் சிந்தை எடுத்து நாட்டு நிலைமையைப் பாடினார். தெருவிலும் கோயில் வாசலிலும் கிடந்த வடிவத்தைக் கையில் எடுத்துப் புதுப் பொருளை அதில் ஏற்றுவது திருநெல்வேலிப் புலவர்களுக்குப் பழக்கமான வேலை. சுப்பு ஆறுமுகத்தை வில்லுக்கார அண்ணாவிகளின் வரிசையில் மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சற்று அயலாகத் தெரிவார்; இந்தப் புலவர் வரிசையிலும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு உரிய இடம் கிடைக்கும்.

நாஞ்சில் வழிப்போக்கர் எழுதுகிறார்:

நூலகர் அண்ணாச்சி எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வில்லுப்பாட்டைத் ‘திருநெல்வேலிச் சீமையின் கலை’ என்று மட்டும் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்ததால், எல்லைக்கு அந்தப் பக்கத்தை மறந்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அண்ணாவிகளுக்கு ஆரல்வாய்மொழி ஒருநாளும் எல்லையாக இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டுக் குழு பணகுடி, வள்ளியூர் வரைக்கும் வந்து பாடும், அங்குள்ள குழு இங்கே வரும். தோவாளை சுந்தரம் பிள்ளை போன்ற பெயர் பெற்ற கலைஞர்கள் இந்த மண்ணில் இருந்தவர்கள்.

“உயிர் கொடுத்தவர்” என்ற தொடரைப் பற்றித்தான் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மையார் சிறுமியாக இருந்தபோதே வில்லுப் பாட வந்து, பெண்கள் அரிதாகவே முன்னால் உட்கார்ந்த அந்தக் களத்தில் பல்லாண்டுகள் வீசுகோல் பிடித்தவர். கணவர் குடம் அடிக்க, மனைவி பாட, ஊர் ஊராகக் கொடைக்குப் போனவர்கள் அவர்கள். 2018இல் அவர் மறைந்தபோது வறுமையில்தான் இருந்தார். கடைசிக் காலத்தில்தான் செய்தித்தாள்கள் அவரைத் தேடி வந்தன. மேடை வில்லுக்குப் பட்டங்கள் வந்த அதே ஆண்டுகளில் கொடை வில்லுக்காரர்களின் நிலை இதுவாக இருந்தது. சுப்பு ஆறுமுகம் அவர்களை நான் குறை கூறவில்லை. அவர் யாருடைய சோற்றையும் பறிக்கவில்லை. ஆனால் அவரால் கலை பிழைத்தது என்று எழுதினால், அவரைக் கண்டிராமலே கொடைகளில் பாடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான குழுக்களை அந்த ஒரு வரியில் இல்லாமல் செய்துவிடுகிறோம்.

இப்போது கொடை நோட்டீசுகளைப் பாருங்கள். வில்லுக்கு இரண்டு மணி நேரம், அதற்குப் பிறகு இன்னிசைக் கச்சேரி என்று அச்சிடுகிறார்கள். வில்லுக்கு ஒதுக்கிய நேரத்திலும் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அருகே ஒரு கோயிலில், கதை சண்டைக் கட்டத்துக்கு வந்த நேரத்தில் விழாக் குழுவினர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி ஏலம் விட்டார்கள். அண்ணாவி வீசுகோலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதற்குச் சென்னை மேடை பொறுப்பாகாது, நாம்தான் பொறுப்பு.

அம்பை ஆசிரியை எழுதுகிறார்:

மூவருக்கும் என் நன்றி. “உயிர் கொடுத்தவர்” என்ற தொடர் கட்டுரையில் இடம்பெறாது. பூங்கனி அம்மையாரைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கிறேன். காந்தி கதையைப் பற்றி நூலகர் ஐயா எழுதியதை மாமியாரிடம் சொன்னேன். “காந்திக்குக் கோமரத்தாடி யாரு?” என்று உடனே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு, தம் ஊரில் எந்தக் கதை பாடினார்கள், எந்தக் கட்டத்தில் பெண்கள் குலவையிட்டார்கள் என்றெல்லாம் அவராகவே சொல்லத் தொடங்கிவிட்டார். அதை நான் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு சிறு ஐயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மலர் வெளியீட்டு விழாவில் ஒரு சிறிய வில்லுப்பாட்டு நடத்த ஆசைப்படுகிறார்கள். கொடைக் கதையைப் பள்ளி மேடையில் பாட வைப்பது முறையாகுமா, அல்லது புதிதாக ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டுமா?

குடக்காரர் மகன் எழுதுகிறார்:

கொடைக் கதை வேண்டாம் அம்மா. தெய்வக் குற்றம் வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. இறப்புக் கட்டத்தை வெட்டிவிட்டுப் பாடினால் கதைக்கு உடம்பே இல்லாமல் போகும், வெட்டாமல் பாடினால் பெற்றோர் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தாங்களே புதிதாக எழுதுங்கள், சுப்பு ஆறுமுகம் அவர்கள் காட்டிய வழியும் அதுதானே. தாமிரபரணியையோ தங்கள் ஊர்க் குளத்தையோ கதையாக எடுத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சீரும் பின்பாட்டுப் பிள்ளைகள் வாங்கித் திருப்பிப் பாடுவதற்கு ஏற்றதாக, நீண்ட உயிரில் முடிய வேண்டும்; இல்லையென்றால் ‘ஆமாம்’ வந்து உட்கார இடம் இருக்காது. காப்பும் வாழியும் கட்டாயம் இருக்கட்டும், அவையடக்கத்தைத் தலைமையாசிரியருக்காகச் சுருக்கிவிடாதீர்கள். குடத்துக்குக் கடையில் விற்கும் மெல்லிய பானை உதவாது, இரண்டாவது அடியிலேயே விரிசல் விடும். கெட்டியாக வனைந்து நன்றாகச் சுட்ட குடமாக வேண்டும் என்று மண்பாண்டம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காசை எடுத்துத் தட்டிப் பார்த்து, ஒலி கரகரக்காமல் இருந்தால் வாங்குங்கள்.

பாளை நூலகர் (ஓய்வு) எழுதுகிறார்:

கட்டுரையில் அவரை ‘வில்லுப்பாட்டுக் கலைஞர்’ என்பதோடு ‘பாடலாசிரியர்’ என்றும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றையும், ஏதேனும் ஒரு கொடையில் பதிவு செய்த வில்லையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், இங்கே நாங்கள் இத்தனை நீளமாக எழுதியது அவர்களுக்குக் காதாலேயே விளங்கிவிடும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையினர் இத்தகைய கலைகளில் நெடுங்காலமாக ஆய்வு செய்து வருகிறார்கள். பள்ளிக் கடிதத்தோடு நேரில் சென்று கேட்டுப் பாருங்கள். தங்கள் மாமியார் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருப்பதையும், கதையின் பெயர், ஊர், கோயில் ஆகிய விவரங்களோடு ஒரு படி எடுத்துத் தனியே வையுங்கள். மலரில் பக்கம் போதவில்லை என்றால் அதை இங்கே ஒரு தனி இழையாகப் பதிவிடலாம்.